டிவி கம்சலாவும் வேலிக் கம்பியும்

பதுளை ஸ்பிரிங்வெளி பக்கத்துல, தேயிலைத் தோட்டத்துக்காரங்க வரிசை வீடா இருக்குற அந்த மேட்டு லயத்துக்குப் போயி "டிவி எங்க இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. யாரும் பெட்டியக் காட்டமாட்டாங்க. கம்சலாவத்தான் காட்டுவாங்க.

அந்தப் பேரு சும்மா வரல. அவ புருசன் ரிஷிக்குக் கொழும்புல ஒரு புடவைக் கடையில வேல. பொண்டாட்டி தனியா இருக்காளேன்னு ஒரு தீபாவளிக்கு டிஷ் பூட்டிக் குடுத்துட்டுப் போனான். நாடகம் பாப்பான்னுதான் நெனச்சான். அவ பாத்ததோ ஞாயித்துக்கிழமை காலையில சென்னையிலருந்து வர்ற தோட்ட நிகழ்ச்சி. 'மாடியில ஒரு காடு'. நீலச் சட்டை போட்ட ஒரு அண்ணன் மொட்டை மாடியில நின்னுக்கிட்டு, "வணக்கம் தோட்ட நண்பர்களே, இத எல்லாரும் செய்யலாம்!"னு சிரிப்பாரு பாருங்க, அந்தச் சிரிப்புலயே கம்சலா விழுந்துட்டா. நாள் பூரா மலையில கொழுந்து எடுக்குறவ, சாயந்தரம் கூடைய எறக்கி வச்சதும் இன்னொரு செடிகிட்ட ஓடுறான்னா அந்த ஆச எப்புடிப்பட்டதுன்னு நீங்களே யோசிங்க!

ஒண்ணு சொல்லணும். அந்த நிகழ்ச்சி சொன்னது எல்லாம் பொய் இல்ல. முட்டை ஓட்ட இடிச்சுப் போடச் சொன்னாங்க, போட்டா. தயிர்ச் சட்டியில ஓட்டை போட்டு மொளகாய் வைக்கச் சொன்னாங்க, வச்சா. வாசல் பூரா மொளகாய் செவந்து தொங்குச்சு. பக்கத்து வீட்டு ராசம்மாவோட போஞ்சிக் கொடியில பூச்சி விழுந்தப்போ, புளிச்ச மோரத் தண்ணியில கலந்து அடிக்கச் சொல்லிக் குடுத்ததும் அவதான். போஞ்சி பொழைச்சிருச்சு.

ஆனா பாதி விசயம் நம்ம ஊருக்கு ஒட்டவே ஒட்டாது. அவரு "இந்தக் கொளுத்துற வெயில்ல செடிக்கு நெழல் வலை கட்டுங்க"ம்பாரு. இங்க ஜன்னலத் தொறந்தா எதிர் லயம் தெரியாது, அம்புட்டுப் பனி. தேங்காய் நார்த்தூள் கட்டியும் வளர்ப்புப் பையும் வாங்குங்கன்னாரு. கம்சலா பதுளைக்கு பஸ் ஏறிப் போயி செல்வநாயகம் மொதலாளியோட உரக் கடையில கேட்டா. அவரு கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு, "அது என்னம்மா, பையிலயா வெவசாயம் பண்ணப் போற? ஒனக்குத்தான் தோட்டமே மண்ணால நெறைஞ்சு கெடக்கே"ன்னாரு. கடையில நின்ன சனம் எல்லாம் சிரிச்சிருச்சு. லயத்துக்கும் அந்தக் கத அவளுக்கு முந்தியே வந்து சேந்துச்சு. வாழைப்பழத் தோலை ஊறப்போட்டு அந்தத் தண்ணிய ஊத்துனப்பவும் இதே சிரிப்பு. "ஏய் டிவி, இன்னிக்கு செடிக்கு என்ன பலகாரம்?"

அதனாலதான் மீன் விசயத்த அவ யாருகிட்டயும் சொல்லல.

மீன் கழிவயும் கருப்பட்டியயும் சமமாப் போட்டு, மூடி வச்சு ஊற வச்சா அருமையான உரமாம். மேல நிக்கிற தண்ணியக் கலக்கி ஊத்தணும். "அடியில தங்குற சக்கையயும் வீணாக்காதீங்க நண்பர்களே, வேர்ப் பக்கம் பொதைச்சு விடுங்க, காடா வளரும்!" அப்படின்னாரு நீலச் சட்டை. சனிக்கிழமை மீன் லொறியில வர்ற ஹுமைத் நானாகிட்ட கம்சலா தலையும் கொடலும் கேட்டு வாங்குனா.

"என்ன புள்ள, பூனை வளக்குறியா?"

"ஆமா நானா."

"எத்தன பூனை? இது புலிக்குக் காணுமே!"

கக்கூசுக்குப் பின்னாடி ஒரு பழைய பெயின்ட் வாளியில ஊறுச்சு. பதமானதும் ஒருநாள் பொழுது சாயுறப்போ கொண்டுபோயி அவ பாத்தியில பொதச்சா. வத்தாளைக் கிழங்கு, அதான் சக்கரவள்ளி, ஒவ்வொண்ணும் தொடை பெருசுக்கு வரணும், லயமே வாயப் பொளக்கணும், அதுக்கப்புறம் சொல்லுவோம்னு நெனப்பு.

அந்தப் பாத்தி எங்க இருக்குன்னா, லயத்துக்குக் கீழ, ஓடைக்கு மேல. எல்லா வீட்டு மரக்கறிப் பாத்தியும் ஒரே வேலிக்குள்ளதான். தகரம், முள்ளுக்கம்பி, சவுக்குக் கம்பு, பழைய கட்டில் சட்டம், கெடச்சத எல்லாம் வச்சுக் கட்டுன வேலி. அதுக்கு அந்தப் பக்கம் ஆளு ஒசரத்துக்கு மானாப் புல்லு, அப்புறம் காடு, காட்டுல பன்னி. வேலிக்கு ஒரே ஒரு படலு. அதுல ஒரு கம்பி வளையம். கடைசியா வெளிய வர்ற ஆளு அந்தக் கம்பியப் பக்கத்துல நட்டிருக்குற மரத்துல மாட்டிட்டு வரணும். இது எழுதி வச்ச சட்டம் இல்ல. ஆனா அந்த லயத்துல கம்பிய மாட்டாம வந்தவன்னு பேரு எடுக்குறது, கோயில்ல செருப்போட நின்னவன்னு பேரு எடுக்குற மாதிரி.

பொதச்ச மறுநாள் காலையில, வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கம்சலா பாத்திய எட்டிப் பாக்கலாம்னு எறங்குனா. படலு சாத்தியிருந்துச்சு. கம்பி மரத்துல மாட்டியிருந்துச்சு. இத நல்லா மனசுல வச்சுக்கங்க. கம்பி மாட்டித்தான் இருந்துச்சு! அவதான் தன் கையால கழட்டிட்டு உள்ள போனா.

உள்ள பாத்தா, பாத்தியே இல்ல. அவ பொதச்ச எடத்துல ஒரு ஆளு எறங்கலாம்போல குழி. மீன் முள்ளு ஒண்ணுகூட மிச்சமில்ல. அவ மூலைத் தகரத்துக்கு அடியில மண்ணக் கிண்டி, தகரத்த நெம்பிட்டுப் பன்னிக் கூட்டம் உள்ள பூந்திருக்கு. மீனத் தின்னுட்டு அதோட போயிருக்குமா? ராசம்மா பாத்தியில கிழங்கு போச்சு, போஞ்சிப் பந்தல் படுத்துருச்சு. அடுத்த பாத்தியில முட்டைக்கோவா, அதுக்கடுத்து கரட். பதினஞ்சு வீட்டு மரக்கறி, ஏர் ஓட்டுன மாதிரி கெடக்கு.

கம்சலாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்புறம் கை மட்டும் ஓடுச்சு. அதுதான் தப்பு. அவ பாட்டுக்குத் தகரத்த அழுத்தி நிமித்துனா. மண்ணத் தள்ளி ஓட்டைய அடைச்சா. மேல ரெண்டு கல்லத் தூக்கி வச்சா. எதுக்கு வச்சோம்னு கேட்டிருந்தா அப்ப அவளுக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது. கல்ல வச்சு நிமிர்றதுக்குள்ள மேலருந்து ராசம்மாவோட அலறல்.

"ஐயோ! எம் போஞ்சி! அடியே பாவி மக்கா, எல்லாம் போச்சே!"

லயமே எறங்கி வந்துருச்சு. வந்தவங்க கண்ணுல மொதல்ல பட்டது தொறந்து கெடந்த படலு. கம்பி கீழ தொங்குது.

"யாருடா நேத்து கடைசியா வந்தது?"

எல்லாரும் திரும்பிப் பாத்தது பொன்னையாவ. பொன்னையா யாருன்னா, கம்சலா வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்குறவரு, பென்சன் எடுத்த ஆளு. தங்கமான மனுசன், ஆனா பொழுது சாஞ்சா கொஞ்சம் போட்டுக்குவாரு. நேத்து இருட்டுறப்போ கோவாவுக்குத் தண்ணி ஊத்திட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு அவருதான் கடைசியா மேல வந்தாரு. அந்தப் பாட்ட எல்லாரும் கேட்டாங்க.

"மாட்டிட்டுத்தான் வந்தேன்னு நெனைக்கிறேன்"னாரு.

"நெனைக்கிறியா?" ராசம்மா இடுப்புல கைய வச்சுட்டா. "நெனைக்கிறியா அண்ணே? நீ வேட்டிய மாட்டியிருந்தியான்னே ஒனக்கு நெனைப்பு இருந்திருக்காது!"

சிலபேரு சிரிச்சாங்க. பொன்னையா தொங்குற கம்பியப் பாத்தாரு, தன் கையப் பாத்தாரு. அப்புறம் தலைய ஆட்டிக்கிட்டே, "அப்ப நான்தான் போல"ன்னாரு.

கம்சலா அங்கதான் நின்னா. தொறந்து கெடந்த படலு வழியாத்தான் அவளும் வந்திருப்பான்னு யாரும் அவளக் கேக்கல. 'இல்ல மாமா, நான்தான் கழட்டுனேன்'னு நாலே வார்த்த. அவ வாய் தொறக்குறதுக்குள்ள பெரட்டுக் கொம்பு ஊதிருச்சு. எல்லாரும் மேல ஏறுனாங்க, அவளும் ஏறுனா.

ராத்திரி ரிஷிகிட்ட போன்ல சொன்னா. அவன், "லூசா நீ? பதினஞ்சு குடும்பம் நம்ம வாசல்ல வந்து நிக்கவா? வாய மூடிக்கிட்டு இரு. குடிகாரனுக்கு இது பழகுன ஏச்சுதான்"ன்னு வச்சுட்டான்.

பழகுன ஏச்சு இல்லங்க அது. பொன்னையா அன்னியிலருந்து குடிக்கல. ஒரு சொட்டு கூட! சாயந்தரமானா கத்தியும் கம்பும் எடுத்துக்கிட்டு வேலிகிட்ட போயிருவாரு. யாரும் கேக்கல, அவரா சுத்தி வேலியக் கட்டுனாரு. ஓட்டை எங்க, உளுத்த கம்பு எங்கன்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்து, மழையில நனைஞ்சுக்கிட்டே கட்டுனாரு. ஒருநாள் கம்சலாவோட மூலைக்கும் வந்துட்டாரு. அவ பாத்தியில நின்னா.

"இந்தக் கல்ல யாரு புள்ள வச்சது?"

"நான்தான் மாமா."

"பாத்தியா, ஒனக்கு இருக்குற கவனம் எனக்கு இல்ல"ன்னு சொல்லிட்டு, அந்தக் கல்லயே இன்னும் நல்லா அழுத்தி வச்சுட்டு அடுத்த பக்கம் போனாரு. அவரு ஏசியிருந்தாக்கூட கம்சலா தாங்கியிருப்பா. பாராட்டிட்டுப் போனதத்தான் தாங்க முடியல.

அதவிட மோசம் வேலாயி அத்தை. பொன்னையாவோட சம்சாரம். ஒரு காலையில சுடச்சுட ரொட்டியும் கட்டச் சம்பலும் தட்டுல வச்சுக் கொண்டாந்தாங்க. மொகமெல்லாம் சிரிப்பு.

"தின்னு புள்ள. இன்னிக்கு மாமாதான் மாவு பெசஞ்சாரு, நம்புவியா? ராத்திரி பேசிக்கிட்டே சாப்புடுறாரு. எத்தன வருசமாச்சு! அந்தப் பன்னிய மாரியம்மாதான் அனுப்பியிருக்கா. ராசம்மாகிட்ட சொல்லிறாத, அடிக்க வருவா."

கம்சலா ரொட்டியப் பிச்சுப் பிச்சுத் தட்டுலயே போட்டா. சொன்னா பொன்னையா மறுபடி குடிச்சாலும் குடிப்பாரு. வேலாயி அத்தையோட இந்தச் சிரிப்பு போயிரும். சொல்லாட்டி ஒரு மனுசன் செய்யாத தப்பச் சொமந்துக்கிட்டே திரியணும். 'சொல்லாம இருக்குறதே நல்லதுதானோ?'ன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அந்த நெனப்பு தனக்கு வசதியா இருக்குன்னும் அவளுக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு.

அப்பத்தான் அந்தக் கிறுக்குத்தனத்தப் பண்ணுனா. நிகழ்ச்சியில கீழ ஓடுற நம்பருக்கு வாட்ஸ்அப்புல பேசி அனுப்புனா. "அண்ணே, நான் இலங்கை பதுளையிலருந்து பேசுறேன். நீங்க சொன்ன மாதிரியே மீன் உரம் பொதச்சேன். காட்டுப் பன்னி வந்து எல்லார் தோட்டத்தயும் அழிச்சிருச்சு. அது மீனாலயா வந்துச்சு, இல்லாட்டி சும்மா வந்துச்சா? தயவுசெஞ்சு சொல்லுங்கண்ணே." சும்மா வந்துச்சுன்னு அவரு ஒரு வார்த்த சொன்னாப் போதும். ராத்திரி தூங்கிறலாம். இல்ல, மீனாலதான்னு சொல்லட்டும், 'டிவிதான் சொன்னுச்சு'ன்னு பாதிப் பழிய அங்கிட்டுத் தள்ளலாம்.

ஒவ்வொரு ஞாயிறும் பெட்டி முன்னாடி ஒக்காந்தா. தன் கேள்வி வந்துருமோன்னும் பயம், வராமப் போயிருமோன்னும் பயம். கடைசியில போனுக்குத்தான் பதில் வந்துச்சு.

'நன்றி தோட்டத் தோழி! உங்கள் மாடித்தோட்டத்தின் அழகான படங்களை எங்களுக்கு அனுப்புங்கள்!' பக்கத்துல ரெண்டு பச்ச எலப் படம்.

கம்சலா அதத் திரும்பத் திரும்பப் படிச்சா. சிரிப்பு வந்துச்சு, அப்புறம் அழுக வந்துச்சு. அந்த அண்ணன் மேல கோவம்கூட வரல. அவரு மொட்டை மாடியில பன்னி ஏறாது. அவரு மாடிக்கு வேலி கெடையாது, கடைசியா எறங்குற ஆளு மாட்ட வேண்டிய கம்பி கெடையாது. அவருக்குத் தெரியாது, அம்புட்டுதான். ஆனா இவளுக்குத் தெரியும்ல? காட்டுக்குப் பத்து எட்டுல பொறந்து வளந்தவளுக்கு, மீன் வாசத்துக்குப் பன்னி வரும்னு தெரியாதா? ஆசையில மறந்துட்டா. சரி, அது மறதி. கல்ல எடுத்து வச்சது மறதியா?

அந்த வாரமே திருவிழாக் கூட்டம். லயத்து மாரியம்மன் கோயில் வாசல்ல எல்லாரும் ஒக்காந்திருந்தாங்க. வருசா வருசம் அன்னதானத்துக்கு மரக்கறி அந்தப் பாத்தியிலருந்துதான் போகும். இந்த வருசம் பருப்பும் ரசமும்தான்னு முடிவாச்சு. ராசம்மா மூக்கச் சீந்துனா. அடுத்து சாமி தூக்குற பேச்சு வந்துச்சு. அம்மன் சப்பரத்துக்கு முன் கொம்பு, வலது பக்கம், எப்பவும் பொன்னையாவுக்குத்தான். வாலிபத்துலருந்து அவரு தோளு அது. விரதம் புடிச்சா அந்த மாசம் பூரா குடியத் தொடமாட்டாரு, அதுல யாரும் குறை சொன்னதில்ல.

பொன்னையா எந்திரிச்சாரு.

"இந்த வருசம் முன் கொம்ப வேற யாருக்காச்சும் குடுங்க."

"ஏண்ணே, ஒடம்புக்கு முடியலயா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஒரு கம்பிய மாட்ட மறக்குறவன் நானு. அம்மாவத் தோள்ல வச்சுக்கிட்டு வேற எதயாச்சும் மறந்துட்டேன்னா?"

அவரு துண்ட எடுத்துத் தோள்ல போட்டாரு, முன் கொம்பு அழுத்தி அழுத்திக் காச்சுப் போன அந்தத் தோள்ல. போட்டுக்கிட்டு எறங்கிப் போனாரு.

மறுநாள் விடியுறப்போ கம்சலா படலுகிட்டயே நின்னுக்கிட்டு இருந்தா. இப்பல்லாம் பொன்னையா காலையில ஒருக்கா வந்து கம்பியத் தொட்டுப் பாத்துட்டுப் போவாருன்னு அவளுக்குத் தெரியும். வந்தாரு.

"என்ன புள்ள, குளிருல நிக்கிற?"

"மாமா, அன்னிக்குக் கம்பி மாட்டியிருந்துச்சு."

அவரு புரியாமப் பாத்தாரு.

"நீங்க மாட்டிட்டுத்தான் வந்தீங்க. காலையில வந்து நான்தான் கழட்டுனேன். பன்னி படலு வழியா வரல மாமா. என் மூலைத் தகரத்துல பூந்து வந்துச்சு. நான் மீனப் பொதச்சிருந்தேன், டிவியில சொன்னாங்கன்னு. அந்த ஓட்டைய மறைக்கத்தான் கல்ல வச்சேன். எல்லாரும் ஒங்களப் பாத்தப்போ நான் பேசாம நின்னுட்டேன்."

கால்ல விழப் போனா. அவரு வெலகிக்கிட்டாரு. ஏசுவாருன்னு நெனச்சா. அவரு ஏசல. தன் வலது கையத் தூக்கி, முன்ன பின்ன தெரியாத ஆளப் பாக்குற மாதிரி பாத்தாரு.

"அப்ப நான் மாட்டுனேனா?"

"மாட்டுனீங்க மாமா."

"கை சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு புள்ள." கொரல் ஒடஞ்சிருச்சு. "கம்பி சில்லுன்னு இருந்துச்சு, மாட்டுனப்போ வெரல்ல லேசா கீறுச்சு. இதெல்லாம் நெனப்பு இருந்துச்சு. குடிகாரன் புத்தி பொய் சொல்லுதுன்னு நான்தான் நம்பல. எனக்குக் கிறுக்குப் புடிக்கிதுன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். இத்தன நாளா."

அந்த 'இத்தன நாளா'வ அவரு ஒரு கோவமும் இல்லாமத்தான் சொன்னாரு. கம்சலாவுக்கு அதுக்கப்புறம் எந்தக் கோவமும் வலிக்காதுன்னு ஆயிருச்சு.

கண்ணத் தொடச்சுக்கிட்டு சொன்னாரு: "என்கிட்ட சொன்னா காணாது. பெரட்டுல சொல்லு."

சொன்னா. பெரட்டுக்களத்துல, பேரு கூப்புடுறதுக்கு முன்னாடி, கூடையோட நின்ன அத்தன பேரு மத்தியிலயும் சொன்னா. மொதல்ல யாருக்கும் வெளங்கல. வெளங்குனதும் ராசம்மா கூடையக் கீழ போட்டா.

"உரம் போடச் சொன்னது டிவி. சரி. அண்ணன் மேல பழி விழுந்தப்போ வாய மூடிக்கிட்டு நிக்கச் சொன்னதும் டிவியாடி?"

கம்சலா குனிஞ்சு அந்தக் கூடைய எடுத்து நிமித்தி வச்சா.

அதுக்கப்புறம் என்னென்னமோ நடந்துச்சு. கம்சலா லீவு நாள் பூரா ராசம்மா பாத்தியக் கொத்திக் குடுத்தா, ராசம்மா வரப்புல ஒக்காந்து ஏசிக்கிட்டே வெத்தல மென்னா. தயிர்ச் சட்டி மொளகாய் எல்லாம் ரசத்துக்குப் போச்சு. திருவிழாவுல பொன்னையா முன் கொம்பத் தூக்குனாரு. தூக்குறதுக்கு முன்னாடி கூட்டத்துல கம்சலாவத் தேடிப் பாத்து ஒரு தல அசைச்சாரு. அவ குனிஞ்சுக்கிட்டா.

திருவிழா முடிஞ்ச வாரம், பொன்னையா மறுபடி கொஞ்சம் போட்டுக்கிட்டு வந்தாரு. முன்ன மாதிரி தெனமும் இல்ல, ஆனா வந்தாரு. அன்னியிலருந்து வேலாயி அத்தை கம்சலா வாசலக் கடக்குறப்போ மொகத்த மலைப் பக்கம் திருப்பிக்கிறாங்க. ஒருநாள் தண்ணிப் பைப்புகிட்ட, "நீ சொன்னது சரிதான் புள்ள. ஆனா எனக்கு ஒன்னப் பாக்க முடியல"ன்னு மட்டும் சொன்னாங்க. கம்சலா கொடத்த நெறைச்சு அவங்க தலையில ஏத்தி விட்டா. வாங்கிக்கிட்டாங்க. அம்புட்டுதான்.

கம்சலா இன்னமும் அந்த நிகழ்ச்சியப் பாக்குறா. விட முடியல, ஆச போகலயே! ஆனா நீலச் சட்டை அண்ணன் "இத எல்லாரும் செய்யலாம்"னு சொல்றப்போ, "எல்லாருமுன்னா யாருண்ணே?"ன்னு பெட்டியப் பாத்துக் கேக்குறா. பனிக்கு, பன்னிக்கு, ஒரே வேலிக்குள்ள பதினஞ்சு வீட்டுக்கு ஒத்து வருமான்னு யோசிச்சுட்டுத்தான் இப்ப ஒரு முட்டை ஓட்டக்கூட போடுறா.

சாயந்தரம் பொழுது மங்குறப்போ என்ன வேலையா இருந்தாலும் டிவி சத்தத்தக் கொறச்சு வச்சிருவா. கீழ வேலிப் பக்கமிருந்து ஒரு கொரல் வரும். சில நாள் தெளிவா, சில நாள் கொஞ்சம் தள்ளாடி.

"கம்பிய மாட்டிட்டேன்! எல்லாரும் கேட்டுக்கங்க! பொன்னையா மாட்டிட்டான்!"

லயத்துல புள்ளைங்க சிரிக்கும். ராசம்மா "வந்துட்டாருப்பா"ம்பா. வேலாயி அத்தை வீட்டுக் கதவு டமார்னு சாத்துற சத்தம் கேக்கும். கம்சலா அடுப்ப விட்டுட்டு வாசலுக்கு வந்து, பதினஞ்சு வீட்டுக்கும் கேக்குற மாதிரி கத்துவா.

"கேட்டுச்சு மாமா! மாட்டிட்டீங்க!"